கௌதாரி சாப்பிட்டவர்

திருப்பதி ஆஸ்பத்திரியில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் ரேணிகுண்டாவில் வாட்ச்மேன். ஒடிசலான உடம்பு, நரைத்த மீசை. வார்டு கதவு திறக்கும்போதெல்லாம் தலையைக் கோதிக்கொண்டு எழுந்து உட்காருவார். அவரைப் பார்க்க யாரும் வரவில்லை.

"இன்னா ஆச்சுண்ணா?" என்றேன்.

"மெட்ராஸ்லேர்ந்து பையன் வரேன்னான். அவனுக்குப் புடிக்குமேன்னு வேட்டைக்காரன்கிட்ட கௌதாரி வாங்கினேன். குண்டு பட்டு அதோட குடல் கிழிஞ்சிருந்துச்சு, வெயில்ல வேற கெடந்துச்சு. அரைவேக்காடா சுட்டுத் துன்னுட்டேன். குடல்ல இருந்த கிருமி கறியெல்லாம் பரவிடுச்சுன்னு டாக்டர் சொல்றாரு."

"பையன்?"

"வரலை. நல்லதாப் போச்சு. வந்திருந்தா அவனும் துன்னிருப்பான்."

மாலையில் மகன் போன் செய்தான். எங்கே இருக்கிறாய் என்று கேட்டான் போலிருக்கிறது.

"டூட்டியில கீறேன்டா. அடுத்த வாரமாவது வா. கோழி வாங்கி நல்லா வேக வெச்சுத் தரேன்" என்றார்.

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த மகனுக்கு இன்றுவரை விஷயம் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.