"வரலாமா?" என்று கேட்ட சுவர்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் ஆகஸ்ட் பதினைந்து மதியம், ரோமில் எங்கள் பேட்டைப் பூங்காவுக்குத் தனியாகப் போய், அந்தக் காலத்தில் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த இடிந்த நீர்ப்பாலத்தின் அடைத்த வளைவு ஒன்றில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள். அப்புறம் பேசலாம். நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள்தான். ஆனால் வெயிலை மட்டும்தான் கூட்டிச் சொல்வேன். மற்றதெல்லாம் என் மேல்மாடியில் குடியிருக்கும் நத்ஸரேனோவுக்கு அப்படியே நடந்தது.

அவன் மனைவி எர்சீலியா நிமோனியாவில் செத்துப் பிழைத்து அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். வாய் மட்டும் ஓயாது. இவள் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்தே அவன் பாதி ஆளாகியிருந்தான். ஆகஸ்ட் பதினைந்து எங்களுக்குக் கோடைப் பண்டிகை நாள், ஊரே கடற்கரைக்கு ஓடிவிட்டது. குடைமிளகாய் போட்ட கோழியும் தர்பூசணியுமாக இவர்கள் இருவரும் பூங்காவுக்குப் போனார்கள். வெயில் என்றால் வெயில்... பறக்கிற புறா வெந்து தட்டில் விழுகிற வெயில்! செங்கல் வைத்து அடைத்த ஒரு வளைவின் நிழலில் உட்கார்ந்தார்கள்.

"கோழியா இது? உன் செருப்பை வறுத்துட்டியாய்யா?"

"பேசாம தின்னுடி. மூச்சாவது மிச்சமாகும்."

மணி ஒன்று ஐம்பது. சில்வண்டுகள் கத்துவதை நிறுத்தின. எல்லாம் ஒரே நேரத்தில்.

சுவருக்குள் ஓர் இருமல்.

சின்ன இருமல். குழந்தையின் இருமல்.

பிறகு ஒரு குரல்.

"வரலாமா?"

எங்கள் ஊரில் கூடப்பிறந்தவன் வீடானாலும் வாசலில் நின்று அப்படிக் கேட்காமல் காலை உள்ளே வைக்க மாட்டோம். கேட்ட மாத்திரத்தில், யார் எவர் என்று பார்க்காமலே உள்ளிருந்து பதில் வந்துவிடும். மூளைக்கு முன்னால் நாக்கு ஓடிவிடும். போதாக்குறைக்கு, நான்தான் பின்னால் ஒளிந்து விளையாடுகிறேன் என்று நத்ஸரேனோ நினைத்தான்.

"வா, வா! கோழி தீர்ந்துடப் போவுது."



எழுந்து மறுபக்கம் போய்ப் பார்த்தான். நான் இல்லை. யாருமே இல்லை. அங்கேயும் அதே செங்கல். சுவரின் கனமே முழங்கை நீளம்தான். பூனைகூட ஒளிய முடியாது.

திரும்பி வந்தான்.

எர்சீலியா நின்றுகொண்டிருந்தாள். ஒரு பாதத்தின் மேல் மறு பாதத்தை வைத்துக்கொண்டு. சின்னப் பிள்ளைபோல.

"எர்சீலியா?"

"பசிக்குது."

கோழியைத் தின்றாள். எலும்பையும்.

கடக்... கடக்...

வீடு திரும்பியதும் நாலு மாடியையும் ஓடியே ஏறினாள். மூச்சு வாங்கவில்லை. டாக்டர் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "ஏழு வயசுப் பிள்ளையோட நுரையீரல்யா இது!" என்று வியந்தார். நத்ஸரேனோ ஆனந்தத்தில் அழுதான். அன்று மாலைவரைதான் அந்த ஆனந்தம். மாலையில் சூப்பில் உப்பு அள்ளிப் போட்டிருந்தான். அவள் திட்டவில்லை. முப்பது வருஷத்தில் முதல் தடவையாகத் திட்டவில்லை. கிண்ணத்தை வழித்து நக்கிவிட்டு, "இன்னும் கொஞ்சம், அப்பா" என்றாள்.

மறுநாள் மதியம் பூங்காவுக்கு ஓடினான். சுவரில் காதை வைத்தான்.

உள்ளே இருமல்.

வளர்ந்த பெண்ணின் இருமல்.

"யோவ்... இருட்டா இருக்குய்யா. எங்கய்யா போன?"

வா, வா என்று தொண்டை கிழியக் கத்தினான். நகம் பெயரும்வரை செங்கலைச் சுரண்டினான்.

யாரும் வரவில்லை.

ஏழைகள் அந்த வளைவுகளுக்குள் அறை கட்டி வாழ்ந்த காலத்தில் அங்கேயே பிறந்தவர் குவிரினோ. சத்தம் கேட்டு அவர்தான் இவனைத் தூக்கி உட்காரவைத்தார்.

"இந்த வளைவுலயா உக்காந்தீங்க? இங்க இருந்த அறையிலதான் இருமல் வந்து ஒரே வாரத்துல மூணு பிள்ளைங்க போச்சுங்க, பாவம்."

"மூணா?"

"மூணுதான். மூத்தது பொண்ணு. தம்பியையும் தங்கச்சியையும் விட்டுட்டு ஒரு இடத்துக்கும் போகாது."

நேற்று எர்சீலியா எங்கள் வீட்டுக்கு இறங்கி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் சாப்பாடாம். நானும் என் மனைவியும் கண்டிப்பாக வரவேண்டுமாம். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டாள்.

அந்தச் சுவர் ஓரமாக, நல்ல நிழலில், எங்கள் இருவருக்கும் இப்போதே இடம் பார்த்து வைத்திருக்கிறாளாம்.