காலியாக விட்ட கட்டங்கள்

என் ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியலைப் படிப்பவர்கள் நடுவில் ஓரிடத்தில் நிமிர்ந்து என்னைப் பார்ப்பார்கள். மேலே எல்லாம் சிறுநீரியல்: கல், அடைப்பு, தொற்று. கீழேயும் அதுதான். நடுவில் ஒன்று மட்டும் உளவியல் இதழில் வந்தது. "இது எப்படி டாக்டர் இங்கே நுழைந்தது?" என்பார்கள். நுழைத்தது ஒரு பனியன் கம்பெனியின் தையல் லைன்.

அப்போது மருத்துவக் கல்லூரியில் என் பதவி உயர்வுக்கு ஒரே ஒரு கட்டுரை குறைந்தது. என் ஓ.பி.க்கு அடிக்கடி ஓர் அக்கா வருவார், அந்தக் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் ஓரம் தைக்கும் டெய்லர். மாதம் தவறாமல் நீர்க்கடுப்பு. தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் வறண்டது. சரி, இவர்கள் எப்போது குடிக்கிறார்கள், எப்போது கழிப்பறைக்குப் போகிறார்கள் என்பதையே ஆராயலாம் என்று, மணிவாரியாகக் கட்டம் போட்ட தாள்களை, பதவி உயர்வு விஷயத்தையும் சொல்லி, அவரிடம் கொடுத்தேன். தன் லைனில் வரிசையாக உட்கார்ந்து தைக்கிற எல்லாரிடமும் எழுதி வாங்கித் தருவதாகச் சொல்லி எடுத்துப் போனார்.

இரண்டு வாரத்தில் தாள்கள் திரும்பின. ஒரு மடிப்பு கிடையாது. ஒவ்வொரு மணி நேரமும் ஒரு டம்ளர் தண்ணீர், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறை. எல்லாத் தாளிலும் அதுவே. இப்படிக் குடிக்கிறவர்களுக்கு நீர்க்கடுப்பு ஏன் வருகிறது? எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "எழுதிக் கொடுத்தது அவர்கள், உங்களுக்கென்ன? கட்டுரையை அனுப்பிவிடுங்கள்" என்றார் ஒரு சீனியர். ஒரு நாள் முழுக்க அதையும் யோசித்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தாள்களோடு அக்காவின் வீட்டுக்கே போய்விட்டேன்.

"ஏனுங்க அக்கா, இதுல ஒண்ணாவது நெசமுங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இல்லீங்க டாக்டரம்மா. கட்டம் காலியா இருந்தா உங்க பேப்பரை ரிஜெக்ட் பண்ணீருவாங்கன்னு நாந்தானுங்க எல்லார்த்துகிட்டயும் சொன்னேன். எங்க லைன்ல மணிக்கு இத்தன பீஸுன்னு போர்டுல எழுதுவாங்க. ஒரு கட்டம் கொறைஞ்சாலும் பேச்சு வாங்கோணும். எங்களால உங்களுக்குக் கெட்ட பேரு வரலாமுங்களா?"

"அப்ப நெசத்துல எப்பங்க தண்ணி குடிப்பீங்க?"

"சாயங்காலம் ஊட்டுக்கு வந்துதானுங்க. நடுவுல எந்திரிச்சுப் போனா பீஸ் குமிஞ்சுரும். சூப்பர்வைசர் ஆம்பளைங்க. அவருகிட்டப் போயி எப்படிங்க கேக்கறது?"

திட்டத்தான் போயிருந்தேன். அவர் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுத் தாள்களைப் பையில் வைத்துக்கொண்டேன். இத்தனை பாசமாக எனக்குக் குழி தோண்டியவர்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்தக் கட்டுரையை எழுதவில்லை. அதற்குப் பதிலாக, அவர்கள் ஏன் அப்படி நிரப்பினார்கள் என்பதை, அவர்களின் சம்மதத்தோடு, உளவியல் படித்த தோழியுடன் சேர்ந்து எழுதினேன். எழுதியது எனக்கே பிடித்திருந்தது. நேர்காணலில் அதைப் புரட்டிவிட்டு, "இது உங்கள் துறைக் கட்டுரை இல்லையே" என்றார்கள். பதவி உயர்வு கிடைக்கவில்லை. யாரிடமும் காட்டிக்கொள்ளாமல் வீட்டுக்கு வந்து அழுதேன்.

அடுத்த முறை ஓ.பி.க்கு வந்த அக்கா முதல் வேலையாக அதைத்தான் விசாரித்தார். விஷயத்தைச் சொன்னேன். "அந்தக் கட்டம் போட்ட வெத்துத் தாளு இன்னும் இருக்குதுங்களா?" என்று கேட்டார். இருந்தது. வாங்கிப் போனார்.

இந்த முறை தாள்கள் கசங்கி, மிஷின் எண்ணெய்க் கறையோடு வந்தன. ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. பிற்பாடு எனக்குப் பதவி உயர்வு வாங்கித் தந்த கட்டுரை அந்தத் தாள்களிலிருந்துதான் வந்தது. தன் தாளை மட்டும் அக்கா கடைசியாகத் தனியே நீட்டிவிட்டு, நான் பிரிப்பதற்குள் நழுவிவிட்டார். காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் வரை வெறும் கட்டங்கள். அடியில் பென்சிலால் எழுதியிருந்தார்: "வெக்கமாத்தான் இருக்குதுங்க டாக்டரம்மா. ஆனா உங்களுக்காகக் காலியாவே உட்டுட்டேன்."