அவள் என்னிடம் சொன்னாள்

என் தங்கை சுகன்யாவை நாய்க்குட்டி கடித்தது எனக்குத் தெரியும். கடித்த அன்றைக்கே தெரியும். ஊசியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், யாரிடமும் சொல்லாதே என்று அவள் வாயை அடைத்தவன் நான்தான்.

அவள் செத்துப்போனாள்.

போதுமா? விஷயம் இவ்வளவுதான். மிச்சத்தையும் கேட்க ஆசை இருந்தால் கேள். உன்னை நீ என்றுதான் கூப்பிடப் போகிறேன். வண்டியில் சார், மேடம் என்று சொல்லிச் சொல்லி என் நாக்கு தேய்ந்துவிட்டது.

நான் டிரைவர். டெம்போ டிராவலர் ஓட்டுகிறேன். பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனி. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு மாதம் ஒரு சனிக்கிழமை சேவை செய்கிற ஆசை வந்துவிடும். கொள்ளேகால் தாண்டி, மலையடிவாரத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். அதன் சுவரில் பெயின்ட் அடிப்பார்கள், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருவார்கள், செல்ஃபி எடுப்பார்கள். திரும்பி வரும்போது உலகத்தையே தூக்கி நிறுத்திவிட்டு வந்தவர்கள் மாதிரி வாய் பிளந்து தூங்குவார்கள்.

சுகன்யா அதே கம்பெனியில் டீ, காபி கொடுக்கிற வேலையில் இருந்தாள். நாங்கள் பிறந்து வளர்ந்தது தொம்மலூர்ச் சந்தில். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். அந்தக் கிராமத்திலும் அப்படித்தான், பாதிக்குப் பாதி. வருகிற சேவைக்காரர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இரண்டும் வராது. அதனால் பேச்சுக்கு இவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் போடுகிற அதே நீல டி-ஷர்ட்டை இவளுக்கும் கொடுத்தார்கள். அதைத் துவைத்து, மடித்து, சுருக்கம் போவதற்குத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குவாள். பைத்தியம்...

வண்டி கிளம்பியதும் வித்யா மேடம் எழுந்து நிற்பார். அவர்தான் எல்லோரையும் கூட்டிப் போகிறவர், கோயம்புத்தூர்க்காரர். இங்கிலீஷில் ஒரு தடவை சொல்லிவிட்டு, எனக்கும் சுகன்யாவுக்கும் தமிழில் ஒரு தடவை சொல்வார்.

"பாட்டில் தண்ணி மட்டும் குடிங்க. ஷூவைக் கழட்டாதீங்க. கொசுவுக்கு க்ரீம் போட்டுக்கங்க. நாய், பூனை எதையும் தொடாதீங்க. சின்னக் கீறல்னாலும் என்கிட்ட வந்து சொல்லிருங்க, ப்ளீஸ்."

ஒவ்வொரு தடவையும் இதே பாட்டு. நான் கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பேன். அந்த ஊர்ப் பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர் இவர்கள் தொண்டையில் இறங்காது. ஒரு பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள், அப்படியே திரும்பி நின்று சானிடைசர் தேய்ப்பார்கள். அந்தப் பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டே நிற்கும்! சேவையாம் சேவை... தூ!

இந்த வெறுப்பு இன்னும் எனக்குப் போகவில்லை. தப்பை ஒப்புக்கொள்ள வந்தவன் குனிந்து பேசுவான் என்று நீ நினைத்திருந்தால் எழுந்து போய்விடு. அவர்களைப் பற்றி நான் நினைத்ததில் பாதி சரி. ஆனால் மேடம் சொன்னது முழுக்கச் சரி. இரண்டும் ஒன்றாக எப்படிச் சரியாக இருக்கும்? நான் எட்டாவதோடு நின்றவன். நீ படித்தவன்தானே, சொல்லேன்!

நாய்க்குட்டி கடித்த அன்று காலையில், சேவைக்கு வந்தவர்களில் ஒருத்தன் வேலி முள்ளில் கையைக் கீறிக்கொண்டான். ஒரு சொட்டு ரத்தம். அதற்கு அவன் போட்ட கூச்சல்! மேடம் அவனை என் வண்டியிலேயே ஏற்றி, ரோட்டோரம் இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் ஊசி போட வைத்தார். அவ்வளவு பெரிய வண்டி, ஒரு முள்ளுக்கு!

திரும்பி வந்து சுகன்யாவிடம் அவனை மாதிரியே நடித்துக் காட்டினேன். விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மேலே சொருகி, "அம்மா... நான் சாகப்போறேன்... என் லேப்டாப்ப யாருக்கும் குடுத்துடாதீங்க..."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "போதும்ணா, போதும்ணா, மூச்சு முட்டுது!"

அப்படி அவள் சிரிப்பதுதான் எனக்குப் பிடிக்கும். அவர்கள் சட்டையைப் போட்டிருந்தாலும் அவள் என் பக்கம் என்று அந்தச் சிரிப்பு எனக்குச் சொல்லும்.

சாப்பாட்டுக்குப் பிறகு வந்தாள். நான் வண்டி நிழலில் உட்கார்ந்து புகையிலை கசக்கிக்கொண்டிருந்தேன். ஒரு கட்டைவிரலை இன்னொரு கையால் பொத்திப் பிடித்திருந்தாள்.

"அண்ணா, நாய்க்குட்டி கடிச்சிருச்சு. சமையல் ரூம் பின்னாடி ஒரு பொண்ணு அது வாலப் புடிச்சு இழுத்துட்டிருந்தா. வெலக்கிவிடப் போனேன்."

"எம்மாம் பெரிய குட்டி?"

கையால் காட்டினாள். ஒரு தேங்காய் அளவு.

"இதுக்குப் போயா மூஞ்சிய இப்பிடி வெச்சிருக்க?"

"மேடம்கிட்ட சொல்லட்டா? சொல்லச் சொன்னாங்களே..."

"போய்ச் சொல்லு. காலைல முள்ளு மகாராஜாவுக்கு வண்டி எடுத்தேன், இப்ப நாய்க்குட்டி மகாராணிக்கு எடுக்கிறேன். ஏன்டி, நீலச் சட்டை மாட்டினதும் நீயும் அவங்க ஜாதி ஆயிட்டியா? நம்ம தெருவுல நாயே கிடையாதா?"

அவள் முகம் சுருங்கியது. பிறகு சிரிக்க முயற்சி செய்தாள். "சரி விடு. சொல்லல."

அவளிடம் விரலை நீட்டச் சொன்னேன். இரண்டு பல் பதிந்த இடம், கொஞ்சம் ரத்தம். பாட்டிலில் இருந்த தண்ணீரை ஒரு வாய் அளவு ஊற்றினேன். புகையிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பை எடுத்துத் தடவினேன். பெரிய வைத்தியர் நான்!

ஏன் அப்படிச் செய்தேன்? தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். நாய் கடித்தால் ஊசி போட வேண்டும் என்று பெங்களூரில் யாருக்குத் தெரியாது? அவள் மேடத்திடம் போயிருந்தால் அவர்கள் சொல்வதுதான் சரி என்று ஆகிவிடும். என் வெறுப்புக்கு ஒரு துணை தேவைப்பட்டது. அதற்கு என் தங்கையைப் பிடித்து வைத்துக்கொண்டேன். இதுதான் காரணம். இவ்வளவு அற்பம்!

சாயங்காலம் திரும்பி வரும்போது அதே சுகாதார நிலையத்துக்கு முன்னால் ரோட்டில் ஒரு எருமை படுத்திருந்தது. ஹாரன் அடித்தேன். அது சாவகாசமாக எழுந்து நகர்கிற வரைக்கும் வண்டி அந்த வாசலிலேயே நின்றது. கதவு திறந்திருந்தது. காலையில் அந்த முள்ளுக்காரனுக்கு ஊசி போட்ட நர்ஸ் உள்ளே உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரிந்தது. பின்சீட்டில் சுகன்யா பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள்.

எருமை நகர்ந்தது. நானும் நகர்ந்துவிட்டேன்.

விரல் ஆறிவிட்டது. நான் மறந்தே போனேன். அவளும் மறந்திருப்பாள்... மறந்தாளா? எனக்கு எப்படித் தெரியும்? நான் கேட்டால்தானே!

கொஞ்ச காலம் கழித்து, ஆறிப்போன அந்த விரல் குறுகுறுக்கிறது என்றாள். காய்ச்சல் வந்தது. அம்மா கொடுத்த டீயை வாய்க்குக் கொண்டுபோனாள், தொண்டை இழுத்துக்கொண்டது, டம்ளரைத் தூக்கி எறிந்தாள். ஃபேன் காற்று முகத்தில் பட்டதும் அலறினாள். தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டர் பார்த்ததும் கேட்டார். "நாயி ஏனாத்ரூ கச்சித்தா?" நாய் ஏதாவது கடித்ததா என்று. என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் அம்மா பக்கம் திரும்பினேன்.

"அதெல்லாம் இல்ல சார்," என்றாள் அம்மா.

அப்போது சுகன்யாவுக்குப் புத்தி தெளிவாக இருந்தது. கட்டிலில் கையைக் கட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்துச் சொன்னாள்.

"கடிச்சுது சார். நான்தான் யார்கிட்டயும் சொல்லல."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி, ஏன்டி சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா உங்கண்ணன் உன்னத் தூக்கிட்டு ஓடியிருப்பானேடி!"

சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, அன்றே போய் ஊசி போட ஆரம்பித்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றார் டாக்டர். நோய் வெளியே தெரிந்த பிறகு செய்ய ஒன்றுமில்லை என்றார்.

சாகிற நேரத்தில் எனக்காக ஒரு பொய்! நான் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. பிச்சைக்காரன் மாதிரி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். இன்னும் அதை வைத்துத்தான் பிழைக்கிறேன்.

வித்யா மேடம் வீட்டுக்கு வந்து அழுதார். "நான் இன்னும் நல்லா சொல்லிப் புரிய வெச்சிருக்கணும்," என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் சுவரில் சாய்ந்து நின்று பார்த்தேன். யாரைப் பார்த்துக் காறித் துப்பினேனோ, அவர் என் பழியையும் சேர்த்துச் சுமந்துகொண்டு போனார். போகட்டும் என்று விட்டேன்.

இப்போது வருகிறவர்களிடமெல்லாம் அம்மா சொல்கிறாள், "அவ ஒரு வாயில்லாப் பூச்சி." வாயில்லாப் பூச்சியா? அவள் கூப்பிட்டால் எங்கள் சந்தின் கடைசி வீடு வரைக்கும் கேட்கும்! அவளை ஒரு தடவை கொன்றேன். அது போதாமல் ஊமையாகவும் ஆக்கிவிட்டேன்.

நீ மனசு இளகி என்னை மன்னித்துத் தொலைக்காதே. உன்னிடம் நான் அதைக் கேட்கவில்லை. உன்னால் கொடுக்கவும் முடியாது.

இன்னும் அதே வண்டிதான் ஓட்டுகிறேன். மேடம் எழுந்து நின்று பேசும்போது கடைசியில் இப்போது சுகன்யாவைச் சேர்த்துக்கொள்கிறார். "எங்ககூட ஒரு பொண்ணு வந்துட்டிருந்தா. ஒருத்தர்கிட்ட, ஒரே ஒருத்தர்கிட்ட சொல்லியிருந்தா போதும், இப்ப இந்த வண்டில இருந்திருப்பா..." நான் ரோட்டைப் பார்க்கிறேன்.

போன தடவை ஒரு புதுப் பெண் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தாள். தமிழ்ப் பெண். மேடம் பேசி முடித்ததும் மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணா, அவங்க உங்க தங்கச்சியாமே... உங்ககிட்டகூடவா சொல்லல?"

"இல்ல மேடம். அவ அப்படித்தான். வாயே தொறக்க மாட்டா."

அவள் உச்சுக் கொட்டினாள். கிராமம் வந்துவிட்டது. பையிலிருந்து சானிடைசரை எடுத்துத் தன் கையில் ஊற்றிக்கொண்டு, என்னிடமும் நீட்டினாள். நானும் கையைக் காட்டினேன். சுண்ணாம்பு பட்டுப் பட்டு வெடித்துப்போன விரலில் அது இறங்கி எரிந்தது.

"தேங்க்ஸ் மேடம்," என்றேன்.