மெல்லத்தான் குறைக்கவேணும்

யுத்த காலத்தில் கண்டியில் எங்கள் தெருமுனையில் டிஸ்பென்சரி வைத்திருந்தவர் அந்த யாழ்ப்பாணத்து டொக்டர். ஒல்லியானவர். எந்த வெயிலிலும் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டியிருப்பார்.

ஆமிக்காரர்கள் சுற்றிவளைப்பில் தம்பியைப் பிடித்துக்கொண்டு போன அன்று அப்பாவுக்குப் பிரஷர் எக்கச்சக்கமாக ஏறிவிட்டது. அவரைக் கைத்தாங்கலாக அங்கே கூட்டிப்போனேன்.

“நாக்குக்கு அடியில வைக்கிற குளிசையக் குடுங்க டொக்டர். சீக்கிரமா எறக்குங்க,” என்று கெஞ்சினேன்.

“வேண்டாம் பிள்ளை. ஒரேயடியாய் இறக்கினால் மூளைக்கு இரத்தம் காணாது, பாரிசவாதம் வந்து கை கால் இழுத்துப்போடும். மெல்லத்தான் குறைக்கவேணும்.”

“மெதுவா இருக்க நேரமில்லைங்க ஐயா. நான் கேம்புக்குப் போகணும், மகனைக் கேக்கணும்,” என்றார் அப்பா.

டொக்டர் மெதுவாக வேலைசெய்யும் அம்லோடிபின் குளிசையைக் கொடுத்துவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்தபடி பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். வெளியே மற்ற நோயாளிகள் காத்திருந்தார்கள்.

சில வாரங்களில் பிரஷர் இறங்கியது. தம்பி வரவேயில்லை.

அந்த மருந்துக்குக் கால் வீங்கும் என்பதால் டொக்டர் மாதாமாதம் அப்பாவின் கணுக்காலை அழுத்திப் பார்ப்பார். பிறகு தாழ்ந்த குரலில், “மகன்?” என்பார். அப்பா இல்லையென்று தலையை ஆட்டுவார். அக்கம்பக்கத்தில் எல்லோரும் கேட்பதை நிறுத்திய பிறகும் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அதற்காகத்தான் அப்பா ஒரு மாதமும் தவறாமல் அங்கே போனாரோ என்னவோ.