நீல விளக்கும் கொழுந்துக் கைகளும்

பயத்தை அளப்பது அப்படியொன்றும் மர்மமான வேலையல்ல. இரண்டு நிற விளக்குகள், ஒரு கார் பற்றரி, விரல் நுனிகளில் மாட்ட இரண்டு சின்னத் தகடுகள், நகரும் காகிதத்தில் கோடு போடும் ஒரு மைப்பேனா போதும். நீல விளக்கு எரிந்தால் மணிக்கட்டில் சுள்ளென்று ஒரு மின்கடி. மஞ்சள் எரிந்தால் ஒன்றுமில்லை. சில தடவை இப்படிச் செய்த பிறகு, கடி இல்லாமலே நீலத்தைக் கண்டதும் விரல் வேர்க்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஈரத்தில் மின்சாரம் சுலபமாக ஓடும். பேனா ஒரு குன்று வரையும். குன்று எவ்வளவு உயரமோ பயம் அவ்வளவு. வேறு வழிகளும் உண்டு. திடீரென்று சத்தம் எழுப்பி, கண் எவ்வளவு பலமாக இமைக்கிறது என்று பார்க்கலாம். "இப்போது கடிக்குமா?" என்று ஆளிடமே கேட்கலாம். எங்கள் பேராசிரியர் இந்தக் கடைசி வழியை மதிக்கமாட்டார். "வாய் என்னத்தையும் சொல்லும்" என்பார்.

இலங்கையில் தமிழர்களைத் தாக்கிய எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரம் அடங்கியதும் பேராசிரியரின் உதவியாளனாக, இதெல்லாம் வைத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன். கலவரத்தைக் கண்டவர்கள் பயத்தைச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்களா என்பது ஆராய்ச்சி. நானும் கொழுந்து பறிக்கிறவளின் மகன்தான். ஆனால் வேறு தோட்டம், போதாததற்குப் பட்டம் வாங்கியவன். தோட்டத்து மருந்தறையில் கடை விரித்தேன். கொழுந்து பறிக்கும் பெண்கள் வாசலில் கூடி என் பளபளத்த காலணிகளைப் பார்த்தார்கள்.

"ஐயோ, சப்பாத்தப் பாருடி! கங்காணி வீட்டுக்கு மாப்பிள்ள வந்திருக்காரு!"

"தம்பி, ஷொக் அடிச்சாவது எம் மாமியாரு வாய மூடுமா? அதக் கேட்டுச் சொல்லுங்க!"

முதலில் உட்கார்ந்தவர்கள் ஆபீஸ் கிளாக்கர்மார். நீலம் எரிந்ததுதான் தாமதம், பேனா ஒரு மலைத்தொடரே வரைந்தது. ஒருவர் கடிக்கு முன்பே கதிரையோடு சாய்ந்தார். வாசலில் நின்ற பெண்கள் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

பிறகு கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா வந்தார். தோட்டத்தின் மேல் டிவிஷனில் அவர் குடியிருந்த லயத்தை, அந்த வரிசை வீடுகள் அத்தனையையும், கலவரத்தில் எரித்துவிட்டார்கள். தப்பி ஓடிவந்து கீழ் டிவிஷனில் தங்கச்சி வீட்டில் இருந்தார். லயத்துக்குப் புதுக் கூரை போட்டாயிற்று, திரும்பிப் போ என்று தோட்டத்தை நடத்தும் துரை நெருக்கிக்கொண்டிருந்தார். "உண்மையான பயமா, நடிப்பா என்று உன் பெட்டி சொல்லட்டும். பயம் என்றால் கீழேயே இருக்க விடுகிறேன்" என்று என்னிடம் சொல்லியிருந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

"தம்பி, ஒங்க பொட்டி சொன்னாத்தான் தொர கேப்பாராம்" என்றார் அக்கா. "நல்லாப் பாத்துச் சொல்லுங்க. அந்த லயத்துல என்னால படுக்க ஏலாது."

நீலம் எரியும்போதெல்லாம், "இந்தா, கடிக்கப் போகுது" என்று சரியாகச் சொன்னார். நான் திடீரென்று சத்தம் எழுப்பியபோது கண்ணை இறுக மூடிக்கொண்டார். பேனா மட்டும் நேர்கோடு போட்டது. நான் பேனாவைத்தான் பார்த்தேன்.

"பயமில்லை, துரை" என்றேன்.

"நினைத்தேன்" என்றார் அவர். அடுத்த வாரமே அக்காவை மேலே அனுப்பிவிட்டார்.

அக்காவுக்கு மட்டுமல்ல, கொழுந்து பறிக்கும் பெண்கள் அத்தனை பேருக்கும் நேர்கோடுதான். மலையகப் பெண்களின் மன உறுதி பற்றிக் கட்டுரை எழுதலாம் என்று பேராசிரியர் குதூகலித்தார்.

தீபாவளிக்கு வீட்டுக்குப் போனேன். அம்மா கொதிக்கிற கேத்தலின் மூடியை வெறுங்கையால் எடுத்தார்.

"சுடலியாம்மா?"

"கொழுந்துல காய்ச்சுப்போன கைடா. இதுல என்ன சுடும்?"

கையை வாங்கிப் பார்த்தேன். தேயிலைச் சாயம் ஏறிக் கறுத்து, வெடித்து, நுனியெல்லாம் ஓடுபோலக் கெட்டியாக இருந்தது. அந்தத் தோலைத் தாண்டி எந்த வேர்வையும் தகட்டுக்கு எட்டாது. தகட்டை உள்ளங்கை ஓரத்தில் வைத்திருக்க வேண்டும். அந்த நிமிடமே புரிந்துவிட்டது. புரிந்தும் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆராய்ச்சி கெடும், என் மேற்படிப்பும் கெடும். மேற்படிப்புக்கு இடம் உறுதியான பிறகுதான் அந்தத் தோட்டத்துக்குப் பஸ் ஏறினேன்.

அக்கா அங்கே இல்லை. தங்கச்சிதான் இருந்தார்.

"எங்களத் திருப்பி அனுப்புற ஒப்பந்தத்துல குடுத்த இந்தியாப் பாஸ்போட்டு, போகவே மாட்டேன்னு தகரப் பொட்டிக்கு அடியில போட்டு வச்சிருந்துச்சே, அத எடுத்துக்கிட்டு அக்கா இந்தியாவுக்குக் கப்பலேறிருச்சு. மேல லயத்துல ஒரு ராத்திரியும் தூங்கல. அங்க எங்களுக்கு யாரு இருக்கா தம்பி? ஸ்டேசன்ல எங் கைய விடவே மாட்டேன்னுச்சு."

நான் எல்லாவற்றையும் சொன்னேன்: தகடு, தோல், என் மௌனம். அவர் தம் விரல்களைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப எங்க எல்லாருக்கும் பயமே இல்லன்னுதான் எழுதி வச்சிருக்கீங்களா?"

"ஆமாம்" என்றேன்.