காலையில் கவ்வும் கம்பி

1983 மே 10, செவ்வாய்க்கிழமை. நாலரைக்கு எழுந்தேன். குளித்துவிட்டு, முந்தின நாள் குறிப்பைப் படித்து இரண்டு எழுத்துப் பிழை திருத்தினேன். ஐந்தே முக்காலுக்குப் பெரம்பலூரில் அரியலூர் பஸ். இடப்பக்கம் மூன்றாவது சன்னல். ஏழேகாலுக்குத் தொழிற்சாலை வாசல், ஏழரைக்கு ஸ்டோர் பூட்டைத் திறந்தேன். நாட்குறிப்பில் இதுவரை எழுத்து நேராக இருக்கிறது. பிற்பகல் இரண்டரைக்குப் பிறகு வரிகள் சரிகின்றன.

எங்கள் பக்கத்தில் சுண்ணாம்புக்கல்லை உடைத்தால் உள்ளே கிளிஞ்சல் இருக்கும். எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீரும் உப்புதான். சாதாரண எஃகுத் தண்டு போட்ட பம்பு சீக்கிரமே குழிவிழுந்து நின்றுவிடும். அதனால் மோனல் கம்பி வாங்கி வைத்திருந்தோம். மூன்றில் இரண்டு பங்கு நிக்கல், மீதியில் பெரும்பகுதி செம்பு. அதில் இரண்டு ரகம். 400 என்பது உப்புக்கும் காரத்துக்கும் அசையாது, வளைக்கலாம், பற்றவைக்கலாம். வால்வு உறுப்புகளுக்கு அது. கே-500 என்பதில் கொஞ்சம் அலுமினியமும் டைட்டானியமும் சேர்த்து, சூட்டில் பதப்படுத்தியிருப்பார்கள். முறுக்கு தாங்கும், பம்புத் தண்டுக்கு அது. பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளை.

ஸ்டோரில் சாமான் தூக்கி இறக்கும் கலாசி என்னைவிட மூன்று வயது மூத்தவர். அவர் அப்பா கடைசிவரை அடுத்தவர் நிலத்தில் களை வெட்டியவர். அந்த வீட்டில் மாதச் சம்பளம் பார்த்த முதல் ஆள் இவர்தான். வேலை இன்னும் தற்காலிகம். ஜூனில் நிரந்தர உத்தரவு வரும் என்று காத்திருந்தார். மோனலை அவர் ‘மூணல்’ என்பார். “பேருதான் சார் மூணு. உள்ள இருக்கறது நிக்கலு, செம்பு, ரெண்டுதான்” என்று புதிதாக வருபவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

தவறு என்னுடையது. முந்தின ஆயுத பூஜைக்கு ஸ்டோரில் இருந்த ஒவ்வொரு பொருளையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கச் சொன்னேன். கம்பி முனைகளில் ரகத்தைக் காட்டப் பூசியிருந்த சிவப்பும் பச்சையும் துணியோடு போயின. அந்த இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். அழகாகத்தான் இருந்தது. மார்கழியில் ஒருநாள் காலை, ஸ்டோரைத் திறந்த கையோடு காந்தத்தை வைத்துப் பிரித்தேன். ஐந்து கம்பியை லேசாகக் கவ்வியது, மூன்றைக் கவ்வவில்லை. 400 கவ்வும், கே-500 கவ்வாது என்பது எனக்குத் தெரியும். பேரேட்டில் அப்படியே எழுதிக் கையெழுத்திட்டேன். மறுபடி பெயின்ட் பூசவில்லை. காந்தம் இருக்கிறதே என்று இருந்துவிட்டேன்.

மே பத்தாம் தேதி தலைமை அலுவலகத்திலிருந்து சரிபார்ப்பு அதிகாரி வந்தார். கத்திரி வெயில். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே கம்பியைத் தொட்டால் கை சுட்டது. என் பேரேட்டைப் பார்த்துக்கொண்டே காந்தத்தை வைத்தார். ஒன்றையும் கவ்வவில்லை. எட்டுக் கம்பியிலும் காந்தம் வழுக்கி விழுந்தது.

“அஞ்சு கவ்வும்னு எழுதியிருக்கு. கையெழுத்து உங்களோடதுதானே?”

“என்னோடதுதான் சார்.”

“அப்போ அஞ்சை எடுத்துட்டு எவனோ எவர்சில்வரை வச்சிருக்கான். தூக்கறது இறக்கறது யாரு?”

கலாசியே முன்னால் வந்தார். “நான்தாங்க.”

“கம்பிக்குக் காலு முளைச்சுதா?”

“எனக்குத் தெரியலீங்க. நேத்துகூட நான்தான் தூசி தட்டுனேன்.”

திருச்சிக்கு அனுப்பிச் சோதிக்கலாம் என்றேன். அதற்கு ஒரு வாரம் ஆகும். அதிகாரி காத்திருக்கவில்லை. “காலைல பத்து மணிக்கு ரிப்போர்ட் அனுப்பறேன். நாளையிலேருந்து இந்த ஆளை உள்ள விடாதீங்க” என்று வாசல் காவலரிடம் சொல்லிவிட்டு விருந்தினர் விடுதிக்குப் போனார். கலாசி என்னைப் பார்த்தார். “சார், நீங்களும் அப்படித்தான் நெனைக்கிறீங்களா?” என்றார். இல்லை என்று நான் உடனே சொல்லியிருக்க வேண்டும். எண்ணிக்கையை மனதுக்குள் மறுபடி சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பஸ்ஸில் உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே வந்தேன். பையில் காந்தம், கூடவே 400 கம்பியிலிருந்து முன்பு அறுத்த விரல் நீளத் துண்டு ஒன்று. மேசையில் காகிதம் பறக்காமலிருக்க வைத்திருந்தது அது. ஓட்டுநருக்குப் பின்னால் நின்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். கவ்வவில்லை. குன்னத்தில் ஏறிய இரண்டு பேர் என்னைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் சிரித்தார்கள்.

வீட்டில் பையைக் கொட்டினேன். துண்டு உருண்டு, தண்ணீர்ப் பானைக்கு அடியில் இருந்த ஈர மணலில் போய் விழுந்தது. எடுக்கத் தோன்றவில்லை. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன்.

“ஏங்க, தரை தேயுது. உக்காருங்க” என்றாள் மனைவி. கொஞ்ச நேரம் கழித்து, “இந்த இரும்பை யாரு பானைக்கிட்ட போட்டது?” என்று எடுத்து மேசையில் காந்தத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். டக் என்று சத்தம் கேட்டது.

கவ்வியிருந்தது. துண்டைப் பிரித்துக் கைக்குள் வைத்து மூடினேன், பிறகு அடுப்பு மேடையில் வைத்தேன். சூடேறியதும் காந்தத்தை விட்டுவிட்டது. ஈர மணலில் புதைத்தேன். குளிர்ந்ததும் கவ்வியது. ஒன்பது முறை செய்து, ஒன்பதையும் குறித்தேன். மார்கழியில் நான் வைத்த காந்தமும் சரிதான், கத்திரியில் அதிகாரி வைத்ததும் சரிதான். நேரத்தை மட்டும் பேரேட்டில் நான் எழுதவில்லை.

மனைவி எட்டிப் பார்த்தாள். “என்ன, பல்லாங்குழி ஆடுறீங்களா?”

“ஒரு ஆளோட வேலைடீ.”

“அப்ப ஆடுங்க.”

மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். வெயில் ஏறவில்லை. வாசலுக்கு வெளியே கலாசி நின்றிருந்தார். வரக்கூடாது என்று சொல்லியும், சாப்பாட்டுத் தூக்கோடு வந்திருந்தார். காவலர் அவரை உள்ளே விடவில்லை. விருந்தினர் விடுதிக்கு ஆள் அனுப்பிவிட்டு, ஸ்டோரைத் திறந்து எட்டுக் கம்பியையும் ஒவ்வொன்றாக நானே தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்தேன். அதிகாரி டீ கிளாஸோடு வந்தார். ராத்திரி கண்டதை இருவரிடமும் சொல்லிவிட்டு, கலாசி கையில் காந்தத்தைக் கொடுத்தேன்.

அவர் வைத்தார். ஐந்து கவ்வின. மூன்று கவ்வவில்லை.

“மத்தியானம் மறுபடி வச்சுப் பாக்கணும்” என்றார் அதிகாரி.

“பாருங்க சார், வுட்டுடும். இதுக்கும் கத்திரி ஆவாது போல” என்றார் கலாசி.

அதிகாரி டீயைக் குடித்து முடித்தார். பிறகு காவலரைப் பார்த்துக் கதவைத் திறக்கச் சொல்லிக் கை காட்டினார். கலாசி முதல் கம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு, “சிவப்புப் பெயின்ட் எங்க சார் வச்சீங்க?” என்று கேட்டபடியே உள்ளே நடந்தார்.