கயிறு பிடிக்க வேண்டியவன்

அந்தப் பாவாடை பச்சை பிளாஸ்டிக் இலைகளால் ஆனது. காஸ்ட்யூம் வேனின் கதவில் ஹேங்கரில் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கோழி இறகு செருகிய ஒரு தலைப்பட்டை, எலும்பு மாதிரி ஏதோ கோத்த ஒரு மாலை, உடம்பெல்லாம் பூசிக்கொள்ள ஒரு டப்பா கறுப்பு மை. என் இடுப்பை அளக்க இரண்டு பேர் டேப்போடு காத்திருந்தார்கள். கொடைக்கானல் மலையில், கூக்கால் ஏரிக்கு மேலே, யூக்கலிப்டஸ் மரங்களுக்கு நடுவில், காலை எட்டு மணிக் குளிரில் நான் ஸ்வெட்டரைக் கழற்றாமல் நின்றேன்.

இரண்டு வருஷமாக எனக்குப் படம் இல்லை. இதில் மறைக்க ஒன்றுமில்லை, ஊருக்கே தெரியும். இப்போது ஹீரோக்களே காமெடியையும் சேர்த்துச் செய்துகொள்கிறார்கள். என் பழைய காட்சிகளை வெட்டி ஒட்டிப் போனில் அனுப்பிச் சிரிக்கிறார்கள், ஆனால் புதிதாக எழுத யாரும் இல்லை. அந்த நேரத்தில் வந்த முழு நீள வேடம் இது. காட்டுவாசிகளின் தலைவன். ஹீரோவின் நண்பனைப் பிடித்து அண்டாவில் போட்டு வேகவைக்கப் பார்க்க வேண்டும். போனில் கதை சொன்னபோது நான் சிரித்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும். சிரித்து, உடனே தேதியும் கொடுத்தேன்.

நான் இந்த மலையில் பிறந்தவன். மேல்மலைக்காரன் இல்லை. கீழே, பழனிப் பக்கமாக இறங்கும் சரிவில், காபித் தோட்டத்துக்கும் காட்டுக்கும் நடுவில் எங்கள் குடியிருப்பு. தேன், கடுக்காய், சீமாறுப் புல் என்று காட்டில் எடுப்போம். மற்ற நாட்களில் எஸ்டேட் வேலை. வெளி ஆட்கள் எங்களுக்கு வைத்திருந்த பெயர் காட்டுவாசி. ஸ்கிரிப்டிலும் அதேதான் இருந்தது.

நான் சினிமாவுக்கு வந்தது ஒரு பிணத்தால். எனக்கு இருபத்திரண்டு வயது. செண்பகனூரைத் தாண்டி ஒரு படப்பிடிப்புக்குக் கேமராப் பெட்டி தூக்கப் போயிருந்தேன். பிணமாகப் படுக்க வேண்டிய நடிகர், மார்கழி மாத ஈரப் புல்லில் படுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். என்னைக் கேட்டார்கள், படுத்தேன். கதாநாயகி என் மேல் விழுந்து அழ ஆரம்பித்ததும் என் மூக்கிலிருந்து ஆவி ஆவியாகப் போனது. மூச்சை அடக்கிப் பார்த்தேன். அடக்கியது எல்லாம் சேர்ந்து ஒரே மூச்சாக வந்தது. நான்காவது டேக்கில் கதாநாயகியே அழுகையை விட்டுவிட்டுச் சிரித்தார். டைரக்டர் பிணத்தை, செத்தவன் மாதிரி நடிக்கிற சோம்பேறியாக மாற்றிவிட்டார். அந்தச் சோம்பேறி போட்ட சோறுதான் நான் இன்றுவரை சாப்பிடுவது.

சென்னையில் எந்த ஊர் என்று கேட்டார்கள். கொடைக்கானல் என்றேன். "ஓ, எஸ்டேட் ஃபேமிலியா? கான்வென்ட்ல படிச்சீங்களா?" என்று அவர்களே கேட்டு அவர்களே பதிலையும் முடிவு செய்துகொண்டார்கள். நான் சும்மா சிரித்தேன். சிரித்துச் சிரித்தே அது உண்மையாகிவிட்டது. பேட்டிகளில் பேரிக்காய்த் தோட்டம் என்றுகூட ஒரு முறை சொல்லியிருக்கிறேன். வெட்கம்தான். வேறு காரணம் தேடினால் அது இன்னொரு பொய்.

திரையில் அறை வாங்கினேன், மாடியிலிருந்து விழுந்தேன், சாணியில் புரண்டேன். குண்டானவர்களை, கறுப்பானவர்களை, திக்கிப் பேசுகிறவர்களைக் கிண்டலும் செய்தேன். கைதட்டல் வந்தது. அப்போதெல்லாம் எனக்கு உறுத்தவே இல்லை. நான் ஒன்றும் யோக்கியன் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இப்போது கூக்காலுக்கு வருகிறேன். எட்டரை மணிக்குக் கீழ்மலையிலிருந்து துணை நடிகர்களை ஏற்றிக்கொண்டு இரண்டு வேன்கள் வந்தன. நாற்பது பேர் இருக்கும். முதலில் இறங்கிய முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, எங்கள் ஆட்கள். இரண்டாவது வேனிலிருந்து என் அக்கா இறங்கினாள். பின்னாலேயே அவள் வீட்டுக்காரர், என் மச்சான்.

எனக்குக் கூடப்பிறந்தது அவள் ஒருத்திதான். அப்பா இறந்தபோது காரில் வந்து, காரியம் முடிந்ததும் அதே காரில் கிளம்பியவன் நான். அதற்குப் பிறகும் போனால் வெள்ளனே போய், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவேன்.

நாற்பது பேரில் ஒருவர்கூட என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. என்னைத் தூக்கி வளர்த்தவர்கள் அதில் இருந்தார்கள். நான் சொல்லாத ஒன்றைத் தாங்கள் ஏன் சொல்ல வேண்டும் என்று எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் மெதுவாகத்தான் புரிந்தது. அக்கா ஒரு கை தூரத்தில் என்னைக் கடந்துபோய், தனக்குக் கொடுத்த இலைப் பாவாடையை வாங்கிக்கொண்டாள். முன்பின் தெரியாத ஆளைக் கடப்பதுபோல்தான் கடந்தாள்.

நான் பின்னாலேயே போனேன்.

"அக்கா."

"ஏலே, நீ ஏன் இங்க வாறே? போ. ஒன் சோலியப் பாரு. ஆளுங்க பாக்குறாங்க."

"இதையா கட்டப் போறே?"

அவள் பாவாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சேலைக்கு மேல கட்டிக்கிறேன்னு கேட்டேன். கூடாதுங்குறாங்க. நம்ம அப்பன் வேட்டிதான் கட்டுனாரு, ஆத்தா சேலைதான் கட்டுச்சு. இவங்க எங்கேருந்து இதக் கண்டுபுடிச்சாங்கன்னு தெரியல. நீயும் கட்டணுமாமே?"

அவள் கேலியாகக் கேட்கவில்லை. கோபமும் இல்லை. எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை. அந்த இடத்திலேயே ஒரு முடிவுக்கு வந்தேன். இதை நான் கட்டப் போவதில்லை. அவளும் கட்டப் போவதில்லை.

டைரக்டர் சின்னப் பையன், மரியாதையானவன். என் காட்சிகளைப் பார்த்து வளர்ந்தவன் என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வான்.

"சார், இது சும்மா காமெடி சார். யாரையும் குறிச்சு எழுதல."

யாரையும் குறிக்காத காமெடியை நான் இன்னும் பார்க்கவில்லை. "தம்பி, அந்த வேன்ல வந்தவங்களுக்கு இது அவங்களக் குறிக்குதுன்னு தெரியும். நான் கட்டமாட்டேன். அவங்களுக்கும் கட்டி விடாதீங்க."

அவன் முகம் வெளுத்துவிட்டது. புரொடியூசர் கொடைக்கானலில் ஹோட்டல் அறையில் இருந்தார். ஒரு நாள் நின்றால் என்ன ஆகும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நல்லவேளையாக மேகம் இறங்கியது. எதிரே நிற்கிற ஆள் தெரியாத அளவுக்கு வந்துவிட்டது. கேமராவை மூடிப் போர்த்தினார்கள்.

"இந்த மேகம் கலையறதுக்குள்ள நான் வேற ஒரு சீன் நடிச்சுக் காட்டறேன்," என்றேன். "உங்க யூனிட் சிரிக்கணும். சிரிக்கலைன்னா நான் கீழ இறங்கிப் போயிடறேன், நீங்க வேற ஆளப் போட்டுக்குங்க."

வீம்புக்குச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வேலை சிரிக்கவைப்பது. அதை வைத்துத்தான் சண்டை போட முடியும்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மலைத்தேன் செங்குத்துப் பாறையின் நடுவில் கூடு கட்டியிருக்கும். ஒருவன் கயிற்றில் இறங்கி எடுக்க வேண்டும், இன்னொருவன் மேலே கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும். பிடிப்பவன், இறங்குகிறவனின் மனைவியோடு பிறந்தவனாக இருக்க வேண்டும். சொந்த அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாது. அண்ணன் தம்பிக்குள் ஆயிரம் மனஸ்தாபம் இருக்கும், ஆனால் கூடப்பிறந்தவளின் தாலி போகட்டும் என்று எவனும் கையை விடமாட்டான். எங்கள் அப்பாவுக்கு என் தாய்மாமன் பிடிப்பார். வீட்டில் வைத்து அப்பாவிடம் கேட்க முடியாததையெல்லாம் மாமன் அங்கேதான் கேட்பார். அப்பா பாதிப் பாறையில் தொங்கிக்கொண்டே எல்லாவற்றுக்கும் பணிவாகப் பதில் சொல்வார். சின்ன வயதில் அதைப் பார்த்துத்தான் நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அந்தக் காட்சியைத்தான் எடுத்தேன். பட்டணத்துக்காரன் ஒருவன் மலையில் பெண் எடுத்து, தேனெடுக்க இறங்குகிறான். மேலே மச்சினன். இரண்டு ஆள் உயர மேடு ஒன்று கிடைத்தது. லைட்காரர்களிடம் கயிறு வாங்கினேன், கீழே மெத்தை போட்டார்கள். யார் தொங்குவது என்று கேட்டேன். ஹீரோவின் நண்பனாக நடிப்பவர் வலி என்று தன் முதுகைத் தொட்டுக் காட்டினார். கூட்டத்திலிருந்து மச்சான் வந்து, கயிற்றை வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினார். மறுமுனையை மேலே நான் பிடித்தேன். அப்போதுகூட எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. என் தலையில் இருந்ததெல்லாம் அந்த சீன்தான்.

"மச்சான், இடுப்புக் கட்டு கெட்டியா இருக்கா?" என்று மேலிருந்து ஆரம்பித்தேன்.

"இருக்கு மாப்ள. மெதுவா விடு."

"விடறேன். அதுக்கு முன்ன ஒரு விசயம். நேத்து கொழம்புல உப்பு இல்லைன்னு எங்க அக்காவ என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலையே."

"ஒண்ணும் சொல்லாமயா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுக் கெடக்கா?" கயிற்றை ஒரு சாண் விட்டேன். "குளிர்ல கை மரத்துப்போகுது மச்சான்."

"உப்பு சரியாத்தான் இருந்துச்சு."

இன்னொரு சாண். "சரியா மட்டுந்தான் இருந்துச்சா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு. நாலு கரண்டி ஊத்திச் சாப்பிட்டேன்."

மேகத்துக்குள்ளிருந்து சிரிப்பு கேட்டது. ஆள் தெரியவில்லை, சத்தம் மட்டும் பெருகிக்கொண்டே வந்தது. எனக்கு உடம்பு சூடேறியது. அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தபோது மச்சான் கீழிருந்து முந்திக்கொண்டார்.

"மாப்ள, நான் ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"இந்தக் கயித்தப் புடிக்க வேண்டிய ஆளு, இம்புட்டு வருசமா எங்க போயிருந்தே?"

யூனிட் முழுக்கச் சிரித்தது. எனக்கு எதிர்வசனம் வரவில்லை. இத்தனை வருஷத்தில் எனக்கு அப்படி ஆனதே இல்லை. அக்காவுக்கு என்னைத் தவிர வேறு தம்பி கிடையாது. நான் சென்னைக்குப் போன வருஷத்திலிருந்து மச்சான் தேனுக்கு இறங்கவில்லை. எஸ்டேட்டில் மிளகு பறிக்கப் போகிறார் என்று தெரியும். ஏன் போகிறார் என்று ஒரு நாளாவது யோசித்திருக்கிறேனா? நான் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

"சார், அந்த கேப் சூப்பர் சார்," என்று டைரக்டர் ஓடிவந்தான். "டேக்லயும் அதே கேப் குடுங்க. யார் சார் இவரு? இப்படி டைமிங் வச்சிருக்காரு?"

"எங்க அக்கா வீட்டுக்காரர்," என்றேன். "அது எங்க அக்கா. வேன்ல வந்தவங்க எல்லாரும் என் சொந்தக்காரங்க. நான் இவங்கள்ல ஒருத்தன்."

சிரிப்பு நின்றுவிட்டது. அவன் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு காஸ்ட்யூம் ஆளைக் கூப்பிட்டு, பாவாடைகளை மூட்டை கட்டச் சொன்னான்.

முழு நீள வேடம் இரண்டு சீனாகச் சுருங்கியது. தலைவன் இல்லை, அண்டா இல்லை, கதையில் எனக்கு வேறு இடமும் இல்லை. புரொடியூசர் போனில் என்னைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத முடியாது. எங்கள் ஆட்கள் வேட்டி சேலையோடு நடித்துவிட்டு மாலை வேன் ஏறினார்கள். ஏறும்போது மச்சானிடம், சித்திரையில் தேன் எடுக்கலாமா என்று கேட்டேன்.

"இங்க மெத்தை இருந்துச்சு. அங்க இருக்காது," என்றார் அவர். "ஒன் கையப் பாத்தா பொம்பளப் புள்ள கை மாதிரி இருக்கு."

சித்திரைக்கு ஐந்து மாதம் இருந்தது. சென்னையில் என் வீட்டு மாடியில் கப்பி மாட்டி, மணல் மூட்டையைக் கயிற்றில் கட்டித் தூக்கினேன், இறக்கினேன். முதல் வாரம் உள்ளங்கை உரிந்தது. தோள்பட்டைக்கு ஊசி போட்ட டாக்டர், ஐம்பத்தைந்து வயதில் எந்தப் படத்துக்கு இந்தப் பாடு என்று கேட்டார். படம் இல்லை என்றேன். அவர் அதையும் ஜோக்காக எடுத்துக்கொண்டார். எடையை மாதத்துக்கு ஒரு மூட்டை ஏற்றினேன். சித்திரையில் தேதி கேட்ட ஒரு டிவி நிகழ்ச்சிக்கு முடியாது என்று சொல்லச் சொன்னேன். மானேஜர் இரண்டு முறை திரும்பக் கேட்டான்.

பாறைக்கு வெள்ளனே போனோம். குடியிருப்பிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். தேனெடுக்கும் இடத்துக்குப் பெண்கள் வருவதில்லை. அக்கா வந்தாள். வேண்டாம் என்றவர்களிடம், புடிக்கிறவன் மொகத்த நான் பாக்கணும் என்று சொல்லிவிட்டாள். கயிற்றை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, காலை உதைத்து உட்கார்ந்தேன். மச்சான் விளிம்பில் நின்று கீழே பார்த்தார். முப்பது வருஷம் இறங்காத ஆள். இடுப்புக் கட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார், நான் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். கூட்டத்தில் ஒரு பெரியவர், "யாருப்பா மேல புடிக்கிறது?" என்று கேட்டார். பார்வை சரியில்லாதவர், நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

அக்கா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "எந்தம்பி புடிச்சிருக்கான்." பிறகு மச்சானைப் பார்த்து, "நீங்க எறங்குங்க," என்றாள்.

அவர் இறங்கினார். எடை முழுவதும் என் கைக்கு வந்தது.